ஆறடித் தொட்டியும் 12 மில்லிமீட்டர் கண்ணாடியும்



புதிதாக வீடு கட்டுவோர் வரவேற்பறையில் பெரிய மீன்தொட்டி ஒன்றையும் சேர்த்துத் திட்டமிடுவது நம் திருவண்ணாமலையிலும் பெருகி வருகிறது. சாத்தனூர் அணைக்குச் சென்று மீன்களைக் கண்டு திரும்பும் பிள்ளைகள் கேட்கின்றனர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் தந்தையர் இசைகின்றனர். மீன் வளர்ப்பது மார்க்கத்தில் கூடுமா என்னும் வினா எங்கள் மதரஸாவிலும் எழுவதுண்டு. அபூ உமைர் என்னும் சிறுவர் வைத்திருந்த சிறு பறவையைப் பற்றிய ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, உணவும் பராமரிப்பும் குறைவின்றி அளிப்பதாயின் கூடும் என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியிட்ட பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் அதனுடன் சேர்த்தே படிக்க வேண்டும்.

விடை கிடைத்ததும் கேட்டவர் மகிழ்ச்சியுடன் எழுந்துவிடுகிறார். தொட்டியை எதனால் செய்வது, எங்கே வைப்பது என்று எவரும் கேட்பதில்லை. என் கருத்தில் அதுவே பெரிய வினா. அதில் மீனின் உயிர் மட்டுமன்று, வீட்டிலுள்ள குழந்தையின் உடலும் கீழ்த்தளத்தில் வாழும் அண்டை வீட்டாரின் உரிமையும் அடங்கியுள்ளன.

கணக்கைப் பாருங்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது இன்று பலரும் விரும்பும் அளவு. 180 செ.மீ., 60 செ.மீ., 60 செ.மீ. என வைத்துக்கொண்டால் கொள்ளளவு 648 லிட்டர். அதாவது நீர் மட்டும் 648 கிலோ. கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வீதம் எடையுடையது, 12 மி.மீ. கண்ணாடியில் இத்தொட்டியைச் செய்தால் ஏறக்குறைய 120 கிலோ. மணலும் கல்லும் இரும்புத் தாங்கியும் சேர்ந்தால் மொத்தம் 850 கிலோவை எளிதில் தொடும். இவ்வளவும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் இறங்குகிறது. குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமையைத் தாங்கும்படியே இந்தியத் தர விதிகளின்படி வடிவமைக்கப்படுகிறது. இது தளம் முழுவதும் பரவிய சுமைக்கான அளவு என்பதால், ஓரிடத்தில் அதிகம் ஏறியவுடன் தளம் இடிந்துவிடும் என்று பொருளன்று. எனினும் மாடியில் ஆறடித் தொட்டி வைக்க விரும்புவோர் பொறியாளரைக் கேட்காமல் வைப்பது, தம் விருப்பத்தின் சுமையைக் கீழே உறங்குவோர் தலைக்கு மேல் ஏற்றி வைப்பதாகும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுத் தலையசைக்கிறோம்; அது சுவருக்கு அப்பாலுள்ளவருக்கு மட்டும் உரியதா? தரைத்தளமே இதற்குத் தக்க இடம். மாடிதான் என்றால், உத்தரத்தின் மீது, சுவரையொட்டி, பொறியாளரின் ஒப்புதலுடன் மட்டுமே.

இனிக் கண்ணாடி. நீளம் கூடினால் கண்ணாடி தடிக்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் நீரின் அழுத்தத்தை முடிவு செய்வது உயரம். உயரத்தை இரட்டித்தால் அடிப்பகுதியின் அழுத்தம் இரு மடங்காகும். முகப்புக் கண்ணாடி முழுவதும் ஏற்கும் தள்ளுவிசையோ நான்கு மடங்காகும். மேற்சொன்ன தொட்டியில் முகப்புக் கண்ணாடி ஒன்றின் மீது மட்டும் 324 கிலோ எடைக்கு நிகரான விசை இரவும் பகலும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஐந்து ஆட்கள் சாய்ந்து நிற்பதைப் போல. இதற்கு 12 மி.மீ. வேண்டும், மேல் விளிம்பில் குறுக்குப் பட்டைகளும் வேண்டும். 10 மி.மீ. போதும் என்று கூறும் கடைக்காரர் பொய்யுரைக்கிறார் என்று சொல்ல மாட்டேன். பல தொட்டிகள் அவ்வாறே நிற்கின்றன. ஆனால் நிற்பது வேறு, பாதுகாப்புக்கு இடம் வைத்து நிற்பது வேறு. கண்ணாடியின் விளிம்பில் உள்ள ஒரு சிறு சிதைவே விரிசலின் தொடக்கம் ஆகலாம்.

ஆகவே உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுமாறே நான் சொல்வேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீருக்குள் பார்க்கும்போது இரண்டடி ஆழம் ஒன்றரை அடியாகவே கண்ணுக்குத் தோன்றும். ஒளி வளைந்து வருவதே இதற்குக் காரணம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு அல்ஹைஸம் தம் கிதாபுல் மனாழிரில் ஆராய்ந்த பொருள் இது. (ஸபா நாட்டு அரசி கண்ணாடித் தளத்தைத் தண்ணீர் என எண்ணி ஆடையை உயர்த்தியதை அந்நம்ல் அத்தியாயம் கூறுகிறது. கண்ணாடியும் நீரும் கண்ணை மயக்குவது புதிதன்று.)

எவ்வகைக் கண்ணாடி? உருகிய தகரத்தின் மீது மிதக்கவிட்டுச் செய்யப்படும் சாதாரண ஃப்ளோட் கண்ணாடியே போதும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் இதைச் செய்து வருவதால் நமக்கு இது எட்டாத பொருளன்று. தடித்த கண்ணாடியில் தெரியும் பச்சைச் சாயல் இரும்புக் கலப்பால் வருவது. அது குறைந்த கண்ணாடி விலை கூடுதல். அழகு வேண்டுமெனில் முகப்புக்கு மட்டும் வாங்கலாம், நான்கு புறமும் வாங்குவது வீண்விரயம். டஃபன்ட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமையுடையது என்பது உண்மை. ஆனால் அதைப் பின்னர் வெட்டவோ துளையிடவோ இயலாது. உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் சிறுமணிகளாகச் சிதறிவிடும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் விரிசல் விட்டுக் கசிந்து எச்சரிக்கும். 648 லிட்டர் நீர் நிற்கும் அறையில் குழந்தை விளையாடுகிறது என்றால் எது வேண்டும்?

அக்ரிலிக் எடையில் கண்ணாடியின் பாதிதான், தெளிவும் மிகுதி. ஆனால் துடைக்கும் பஞ்சில் ஒரு மணல் சிக்கினாலும் கீறல் விழும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச் செல்லும் வெண்ணிற உப்புக்கறையைக் கண்ணாடியில் பிளேடால் சுரண்டலாம், அக்ரிலிக்கில் இயலாது. பெர்லின் நகர விடுதி ஒன்றில் 10 லட்சம் லிட்டர் நீருடன் நின்ற அக்ரிலிக் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. ஏறத்தாழ 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை மாண்டன. அதிகாலை என்பதால் மனிதர்களில் இருவருக்கே காயம். ஆய்ந்த வல்லுநர்களால் காரணத்தை உறுதியாக நிறுவ இயலவில்லை. ஒட்டுப்பகுதி விட்டிருக்கலாம் என்பதும் அவர்கள் கருதிய காரணங்களுள் ஒன்று.

நம் வீட்டுத் தொட்டியிலும் ஒட்டுப்பகுதியே உயிர்நாடி. முற்காலத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் புட்டி வைத்துச் செய்யப்பட்டன. சிலிக்கான் வந்தபின் சட்டமே தேவையற்றுப் போயிற்று. ஆனால் குளியலறைக்கு விற்கப்படும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கானை ஒருபோதும் வாங்காதீர்கள். அதிலுள்ள நஞ்சு மீனைக் கொல்லும். மீன்தொட்டிக்கென்றே குறிப்பிட்ட, உலரும்போது புளிக்காடி வாடை வீசும் வகையே வேண்டும். பழைய சிலிக்கான் மீது புதியது பிடிக்காது. கசிந்த இடத்தில் மேலே பூசுவது வேலை செய்தவருக்குக் கூலியைத் தருமேயன்றி உங்களுக்குப் பயன் தராது. முற்றிலும் சுரண்டிவிட்டே ஒட்ட வேண்டும். செம்பு, துத்தநாகப் பூச்சுக் குழாய் ஆகியவை நீரில் படக் கூடாது, பி.வி.சி. போதும்.

தாங்கிக்கு ஆங்கில் இரும்பு, அதன் மேல் கடப்பாக் கல், அதற்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மாகோல் தகடு. கல்லில் உள்ள ஒரு சிறு மேடு அடிக் கண்ணாடியைப் பிளக்காமல் அத்தகடு காக்கும். நீர்மட்டம் வைத்துச் சமன் பார்க்காமல் தொட்டியை ஏற்ற விடாதீர்கள்.

சென்னை கொளத்தூரிலிருந்து மீன்களை வாங்கி வரும் அவசரம் பிள்ளைகளுக்கு இருக்கும். ஒட்டி முடித்தபின் ஒரு வாரம் காயவிட்டு, சமதரையில் வைத்து முழுவதும் நீர் நிரப்பி, மேலும் சில நாட்கள் அப்படியே விட வேண்டும். மூலைகளின் அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். மிகச் சிறு கசிவும் அதில் தெரிந்துவிடும். தாள் நனையாத தொட்டியை மட்டும் இன்ஷா அல்லாஹ் வீட்டுக்குள் கொண்டு செல்லலாம்.