சுட்டால் விஷம் போகுமா?



வாணியம்பாடி பக்கம் சூளை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "சார், தோல் தொழிற்சாலைச் சேறு சும்மாவே கிடைக்குது. களிமண்ணோட கலந்து செங்கல் சுடலாமா?"

வீட்டுச் சாக்கடைச் சேறு என்றால் நானே ஊக்கப்படுத்துவேன். அதிலுள்ள கரிமப்பொருள் தானும் எரிந்து சூடு தரும், விறகு மிச்சம். எரிந்த இடம் துளையாகிக் கல்லின் எடையும் குறையும். அளவு மிஞ்சினால் மட்டும் கல் தண்ணீரை உறிஞ்சும், வலு போகும்.

தோல் சேற்றில் குரோமியம் இருக்கிறதே! ஆக்சிஜனேற்றம் பாடம் நினைவிருக்கிறதா? சேற்றில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், அவ்வளவு ஆபத்தில்லை. தோலுக்குப் போட்ட சுண்ணாம்பும் அதே சேற்றில்தான். சூளையில் காற்றும் சேர்ந்தால் ஒரு பங்கு ஆறு இணைதிறனாக மாறும். அது தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். சூடே அதை உண்டாக்குகிறது!

2016 விதிகளின்படி அந்தச் சேறு அபாயக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. சும்மா தருகிறவருக்குக் குப்பை செலவு மிச்சம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரு சூளை ஏற்கெனவே சுட்டாச்சு சார்" என்றார். ஒரு கல்லும் விற்காதே, முதலில் ஆய்வகத்தில் கொடுத்துக் குரோமியம் கசிகிறதா என்று பார் என்றேன். அந்தப் பக்கம் வீடு கட்டும் நம்மவர்களும் கல் வாங்குமுன் கேளுங்கள்.