கிராஸ் அடிக்கடி உடைகிறதா? ஷாஃப்ட்டின் கோணத்தைப் பாருங்கள்

கேள்வி: ரோட்டாவேட்டருக்குப் போகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் இந்தப் பருவத்தில் மட்டும் மூன்று முறை கிராஸ் மாற்றிவிட்டோம். நல்ல உதிரிபாகம்தான் வாங்கினோம். கிரீஸும் தவறாமல் அடிக்கிறோம். ஆனாலும் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வருகிறது. காரணம் என்ன?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: நல்ல கிராஸ் போட்டு, கிரீஸும் அடித்து, மறுபடி மறுபடி உடைகிறது என்றால் குறை பெரும்பாலும் கிராஸில் இருக்காது. ஷாஃப்ட்டை மாட்டிய விதத்திலும் அது நிற்கும் கோணத்திலும் இருக்கும்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சீராகச் சுற்றுகிறது. ஜாயின்ட் மடங்கி நின்றால் அந்தச் சீர் கெடும். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். 10 டிகிரி மடங்கினால் 532-க்கும் 548-க்கும் இடையே ஆடும், இது பெரிதல்ல. 30 டிகிரி மடங்கினால் 468-க்கும் 624-க்கும் இடையே ஆடும். இந்த அடியைத்தான் கிராஸின் பேரிங்கும் கியர் பாக்ஸும் வாங்குகின்றன.

ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஜாயின்ட் வைத்திருப்பது இதற்காகத்தான். முதல் ஜாயின்ட் உண்டாக்கும் ஆட்டத்தை இரண்டாவது ஜாயின்ட் சரிசெய்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு விஷயங்கள் ஒத்துவர வேண்டும்.

முதலாவது, யோக் எனப்படும் கவை. நீண்டு சுருங்கும் குழாயின் இரு முனைக் கவைகளும் ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும். ஒன்று படுக்கையாகவும் மற்றொன்று செங்குத்தாகவும் நின்றால் ஆட்டம் தீராது, இரட்டிப்பாகும். இரண்டு ஜாயின்ட்டும் 15 டிகிரிதான் மடங்கியிருந்தாலும் வேகம் 504-க்கும் 579-க்கும் இடையே ஆடும். சதுரக் குழாய் உள்ள ஷாஃப்ட்டைப் பிரித்து மாட்டும்போது இந்தத் தவறு எளிதில் நடக்கும். முதல் கிராஸை மாற்றும்போதே குழாய் மாறிப் பொருந்தியிருக்கலாம். எனவே இதை முதலில் பாருங்கள். லாரியின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் அனுபவமுள்ள மெக்கானிக் அடையாளக் கோடு போடுவதும் இதற்காகத்தான். நீங்களும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இரண்டாவது, இரு ஜாயின்ட்டுகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அதாவது பி.டி.ஓ. தண்டும் கியர் பாக்ஸ் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வயலில் உழும் ஆழத்துக்கு ரோட்டாவேட்டரை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு தண்டின் மேலும் நேரான இரும்பு ஸ்கேலை வைத்து, அதன்மேல் கோணம் காட்டும் செயலியுள்ள செல்போனை வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு வர வேண்டும். கியர் பாக்ஸின் மூக்கு கீழே பார்த்தால் டாப் லிங்க்கை நீட்டுங்கள். மேலே பார்த்தால் குறையுங்கள். செக் செயினையும் இறுக்கி, கியர் பாக்ஸ் பி.டி.ஓ.வுக்கு நேர் பின்னால் இருக்கும்படி நிறுத்துங்கள்.

உழும்போது ஜாயின்ட் மடக்கம் 15 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வரப்போரம் திருப்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமல் முழு உயரத்துக்குத் தூக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்போது கோணம் மிகவும் கூடிவிடும். சத்தம் அந்த நேரத்தில் மட்டும் வந்தால் காரணம் இதுவே. பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

டிராக்டர் மாற்றினால் ஷாஃப்ட்டின் நீளத்தையும் பாருங்கள். மிகவும் சுருங்கிய நிலையிலும் குழாய் முட்டக் கூடாது, 2.5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

கடைசியாக ஒன்று. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ, துண்டோ, சேலை முந்தானையோ சிக்கினால் கையை இழுக்க நேரம் இருக்காது. கிரீஸ் அடிக்க வசதி என்று கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்றே தேடி எடுத்து மாட்டுங்கள். கிராஸ் உடைந்தால் கடையில் வாங்கலாம். கை போனால் வாங்க முடியாது.