அந்த 36 விநாடி

மாலை ஷிஃப்ட் முடிந்த நேரம். ஆம்பூர் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையின் இடது ஓரமாகக் கம்பெனி வேன் நிற்கிறது. டிபன் பாக்ஸ் பையோடு ஷூ கம்பெனிப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள்.

பின்னால், வலது தடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி. அதை ஒட்டி வரும் கார்க்காரர் ஹார்ன் அடித்துப் பார்க்கிறார், லைட் போட்டுப் பார்க்கிறார். வழி கிடைக்கவில்லை. சட்டென்று இடப்பக்கம் வெட்டி முந்துகிறார். லாரி மறைத்ததால், முன்னால் வேன் நிற்பது கடைசி நொடியில்தான் தெரிகிறது.

தப்பு யார் மேல்? இருவர் மேலும்தான்.

வாலாஜாபேட்டை முதல் கிருஷ்ணகிரி வரை 148 கி.மீ. ஆறு வழிச்சாலை. ஒரு திசைக்கு மூன்று தடங்கள். மெதுவாகப் போகிறவர்களுக்கு இடது, சீரான வேகத்துக்கு நடு, முந்துவதற்கு வலது. முந்தி முடித்ததும் இடப்பக்கம் வந்துவிட வேண்டும். ‘நான்தான் வேகமாகப் போகிறேனே’ என்று வலது தடத்திலேயே குடியிருக்கக் கூடாது.

2017-ம் ஆண்டு வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகளின்படி, பொதுவாக வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். முன்னால் போகிறவர் வலதுபுறம் திரும்ப சிக்னல் காட்டி, சாலையின் நடுவுக்கு வந்திருந்தால் இடப்பக்கம் கடக்கலாம். ஒருவர் நம்மை முந்தும்போது நாம் வேகத்தைக் கூட்டக் கூடாது. ஆபத்தான முறையில் முந்தினால், மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவின்படி முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, லாரி உண்மையிலேயே இன்னொரு லாரியை முந்திக்கொண்டிருந்தால்? 55 கி.மீ. வேகத்தில் போகும் லாரியை 60-ல் போகும் லாரி முந்த, 50 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு 36 விநாடி ஆகும். அதற்குள் 600 மீட்டர் சாலை கடந்துவிடும். பின்னால் வருபவர் அதுவரை இடைவெளி விட்டுக் காத்திருந்தால் போதும்.

ஆம்பூர் பிரியாணிக்காக வண்டியை ஓரங்கட்டும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கடை போர்டைப் பார்த்த பிறகு வலது தடத்திலிருந்து மூன்று தடங்களையும் குறுக்கே வெட்டாதீர்கள். ஒரு கிலோமீட்டர் முன்பே இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஒவ்வொரு தடமாக இடப்பக்கம் வாருங்கள். கடையைத் தாண்டிவிட்டால் அடுத்த கடையில் சாப்பிடலாம். வேனிலிருந்து இறங்கிய அம்மாவும் வீடு போய்ச் சேரட்டும்.