பைட்டிக் அமிலம்: ஒரு பாதிப் பாடம்

மும்பை தாராவியில் தமிழர் பலர் இட்லி அவித்து நகரெங்கும் விற்று வருகின்றனர். மாவு இரவெல்லாம் புளிக்கையில், அரிசியிலும் உளுந்திலுமுள்ள பைட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி சிதைகிறது. இனோசிட்டாலுடன் ஆறு பாஸ்பேட்டுகள் சேர்ந்த இப்பொருள், இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும். எனவே இதனைச் சத்தின் பகைவனாக மட்டும் கற்பிக்கும் வழக்கம் உண்டு. இது பாதிப் பாடமே என்பது என் கருத்து.

விதைக்கு இது பாஸ்பரஸ் சேமிப்பு. மூன்று பாஸ்பேட்டுகள் கொண்ட இதன் உறவுப் பொருளோ உயிரணுவினுள் தூதுவன்: சில ஹார்மோன்கள் அணுவின் புறத்தே வந்து பொருந்தியதும், உள்ளறைகளிலுள்ள கால்சியத்தை விடுவிக்கிறது. பெர்ரிட்ஜ் முதலியோர் 1983-இல் இதனைக் காட்டினர்.

இரத்தசோகைக்கு அஞ்சிப் பயறுகளை ஒதுக்கச் சொன்னால் நட்டம் ஏழைக் குடும்பங்களுக்கே. ஊறவைக்கவும் புளிக்கவைக்கவும் சொல்வோமாக.