வறண்ட ஓடையையும் கணக்கில் எடுப்போம்

தெமோதரையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே ஓடும் ஓடைகள் பல உண்டு. ஐப்பசி மழையோடு இறங்கிவரும் இவை, ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கல்லும் மணலுமாகக் கிடக்கும். அப்போது பார்ப்பவர்கள் "வெறும் கான்தானே" என்கிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள், மண் போட்டு நிரப்புகிறார்கள். இது சரிதானா?

இடம்பெயர்ந்து வந்து இச்சரிவுகளில் மரக்கறி பயிரிடும் சில குடும்பங்களோடு அத்தகைய ஓடை ஒன்றில் நாம் நடந்தோம். கையில் எடுத்த கல்லொன்றில் காய்ந்த மண்ணிறப் படை ஒட்டியிருந்தது. "மழ வந்தா ஆள வழுக்கி விடுறது இதுதான் சாமி" என்றார் ஒரு தாய்.

அந்த வழுக்கலில் பெரும்பங்கு தயற்றம் எனப்படும் நுண்ணிய பாசியே. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற சிலிக்காக் கூட்டுக்குள் வாழ்வது தெரியும். கடலிலும் நன்னீரிலும் வாழும் தயற்றங்கள் யாவும் சேர்ந்து, உலகில் உருவாகும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைத் தருகின்றன. ஓடையின் பூச்சிகளும் நத்தைகளும் தலைப்பிரட்டைகளும் இவற்றை மேய்கின்றன. இலங்கையின் நன்னீர்த் தயற்றங்களைப் பற்றி டென்மார்க் நாட்டு அறிஞர் நீல்ஸ் ஃபொகெட் 1976 இல் ஒரு நூலே வெளியிட்டார்.

நீர் வற்றினால் இவை எல்லாமே மடிந்துவிடுவதில்லை. சில இனங்கள் தாம் சுரக்கும் பசைக்குள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, கல்லின் அடியிலும் மணலிலும் உறங்கியிருந்து, மழைநீர் பட்டதும் மீண்டும் பெருகுகின்றன. ஆனால் வறட்சி வழமையை மீறி நீண்டால் திரும்பிவருபவை குறைந்துவிடும். ஓடையை மண் போட்டு மூடினாலோ அந்த வித்தே அழிந்துபோகும்.

தயற்றங்கள் நீருக்குச் சாட்சியுமாகும். சில இனங்கள் தூய நீரிலும், வேறு சில பசளையும் கழிவும் கலந்த நீரிலும் செழிக்கின்றன. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000 ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ், ஆறுகளின் நிலையை மதிப்பிட இவற்றையும் பயன்படுத்துகிறார்கள். செத்த பின்னும் அவற்றின் கூடு எளிதில் உக்குவதில்லை. வண்டலில் தங்கி, முன்பு அங்கே எத்தகைய நீர் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

இத்தகைய சாட்சி நமக்கு ஏன் தேவை? உமா ஓயாத் திட்டத்துக்காக ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் குடையப்பட்டபோது, 2014 டிசம்பரிலும் பின்னர் 2017 இலும் நிலத்தடி நீர் அதற்குள் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின; வீடுகள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. வெடித்த சுவரைக் கை நீட்டிக் காட்டலாம். வராமற்போன ஓடையை எதைக் கொண்டு காட்டுவது? "அது முன்னரும் வறண்டதுதானே" என்று யாரேனும் கூறிவிட்டால், காணியிழந்த குடும்பம் என்ன பதில் சொல்லும்?

ஆகவே, குடியேற்றத்துக்குக் காணி அளக்கும்போது பருவகால ஓடைகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று கேட்போம். பெருந்திட்டம் எதுவும் தொடங்குமுன் அவற்றின் நீரும் அதில் வாழும் உயிர்களும் பதிவுசெய்யப்பட வேண்டும் என்றும் கேட்போம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்பணிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நம் பக்கமும் கடமை உண்டு. மருந்து அடிக்கும் கலனை ஓடையில் கழுவுபவர்களும், கரைவரை பசளை போடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதை நாமே நிறுத்தாமல் பிறரைக் கேட்பது முறையாகாது.

இந்த ஆண்டிலிருந்தே ஒரு கொப்பியை எடுப்போம். ஓடை எந்த நாள் ஓடத் தொடங்கியது, எந்த நாள் நின்றது, கல் எப்போது வழுக்கத் தொடங்கியது என்பவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்போம். ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுத்துவைப்போம். ஒருமுறை நிலத்தை இழந்து வந்த நாம், அடுத்த முறை கையில் எழுத்து இல்லாமல் நிற்கக் கூடாது.