முதியோர் இல்லம் வீடாக வேண்டும்

மலேசியா வேகமாக மூப்படைந்து வரும் நாடு. 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 5 விழுக்காட்டினராக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் அவர்கள் 6.8 விழுக்காட்டினராக உயர்ந்தனர். 2030ஆம் ஆண்டுவாக்கில் 60 வயதை எட்டியோர் மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினராக இருப்பர் என எதிர்பார்க்கப்படுகிறது. குடும்பங்கள் சிறுத்துவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் கணவன், மனைவி இருவரும் காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ வேலை செய்யும் வீடுகளும் உண்டு. ஆகவே, முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தேவை இனிமேல் கூடுமே தவிர குறையாது.

இந்நிலையில், எத்தனை இல்லங்கள் வேண்டும், எத்தனை கட்டில்கள் வேண்டும், மாதக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்பன போன்ற கேள்விகளே அடிக்கடி எழுகின்றன. அந்த இல்லங்களில் வாழ்வோரின் நாள்கள் எப்படிக் கழிகின்றன, அவர்களைப் பேணுவோரின் நிலை என்ன என்னும் கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. உணவும் மருந்தும் உயிரைக் காக்கும். உறவும் மதிப்பும் இருந்தால்தான் அந்த உயிருக்கு வாழ்வில் பிடிப்பு உண்டாகும். முதியோர் இல்லம் ஒவ்வொன்றும் ஒரு சிறு சமூகமாக வளர வேண்டும். அங்கு வாழும் முதியோரும் அங்குப் பணிபுரியும் ஊழியரும் ஒருசேரக் கொண்டாடப்பட வேண்டும்.

மலேசியாவில் முதியோர் பராமரிப்புக்கெனச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் இத்தகைய இல்லங்கள் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கியது. 2018ஆம் ஆண்டில் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உற்றார் உறவினரும் போதிய வருமானமும் இல்லாத முதியோருக்காகச் சமூக நலத்துறை 'ஸ்ரீ கெனாங்கான்' இல்லங்களை நடத்துகிறது. அவற்றுள் ஒன்று செராஸில் உள்ளது. படுக்கையிலேயே காலம் கழிப்போருக்காகக் கோலகுபு பாருவில் ஏசான் இல்லம் இயங்குகிறது. இவற்றைத் தவிர்த்து, அரசு சாரா இயக்கங்களும் சமய அமைப்புகளும் தனியாரும் நடத்தும் இல்லங்கள் கோலாலம்பூர் முதல் கிள்ளான் வரை பல உள்ளன. கட்டடப் பாதுகாப்பு, தூய்மை, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சட்டம் கேட்கலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் பெயரை அறிந்து நலம் விசாரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் ஆணையிட இயலாது. அது மனிதர்கள் பார்த்து உருவாக்க வேண்டிய ஒன்று.

ஆண்டுதோறும் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் முதியோர் இல்லங்களில் கூட்டம் அலைமோதும். நிறுவனங்கள், கழகங்கள், பள்ளிகள், பொது இயக்கங்கள் எனப் பலரும் அன்பளிப்புக் கூடைகளோடு வருவர். பலகாரம் வழங்குவர், பாட்டுப் பாடுவர், படம் எடுத்துக்கொள்வர், இரண்டு மணி நேரத்தில் விடைபெறுவர். இவர்களின் நல்ல மனத்தைக் குறைகூறுவதற்கில்லை. பல இல்லங்களின் சமையலறை அலமாரிகள் அந்த நன்கொடையால்தான் நிரம்புகின்றன. எனினும், ஒரே வாரத்தில் நான்கு விருந்துகளும் அடுத்த சில மாதங்களுக்கு ஒருவரும் எட்டிப் பார்க்காத வெறுமையும் முதியோருக்கு நன்மை தருவதில்லை. மேலும், அத்தகைய நிகழ்ச்சிகளில் முதியோர் நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து பெற்றுக்கொள்பவராக மட்டுமே இருக்கின்றனர். கொடுப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை என்னும் தவறான எண்ணத்தை இது இளையோர் மனத்தில் விதைக்கிறது. அனுமதி கேட்காமல் படம் எடுத்துச் சமூக ஊடகங்களில் பதிவேற்றுவதோ அவர்களின் மானத்தையே பாதிக்கும் செயலாகும்.

உண்மையில், அந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் யாவர்? பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்து, மலாயா இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் அவர்களுள் இருக்கலாம். கிள்ளான் துறைமுகம் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கு மூட்டை சுமந்தவர்கள் இருக்கலாம். விடியற்காலை இருளில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளியைச் சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் இருக்கலாம். ஆசிரியராகவோ தாதியாகவோ தையல்காரராகவோ இருந்தவர்களும் இருக்கலாம். இவர்களின் கைகளில் இன்னும் தொழில் இருக்கிறது; நினைவில் ஒரு நாட்டின் வரலாறு இருக்கிறது. 'கெனாங்கான்' என்னும் மலாய்ச் சொல்லுக்கே நினைவு என்றுதான் பொருள். அந்த நினைவுகளைக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

முதியோருக்குப் பொறுப்புக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அமெரிக்க உளவியல் அறிஞர்களான எல்லன் லேங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் மேற்கொண்ட ஆய்வு 1976ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு தளத்தில் இருந்த முதியோரிடம், தங்கள் அன்றாடக் காரியங்களைத் தாங்களே முடிவு செய்யுமாறு கூறப்பட்டது. ஆளுக்கொரு செடியும் கொடுத்து அதனைத் தாங்களே வளர்க்கச் சொன்னார்கள். மற்றொரு தளத்தில் இருந்தோருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால், அதனைத் தாதியரே கவனித்துக்கொள்வர் என்று கூறப்பட்டது. சில வாரங்களுக்குப் பிறகு, செடியைத் தாங்களே வளர்த்தவர்கள் மற்றவரைவிட உற்சாகமாகவும் விழிப்பாகவும் காணப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில் பில் தாமஸ் என்னும் மருத்துவர் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஓர் இல்லத்திற்குச் செடிகளையும் பறவைகளையும் நாய், பூனைகளையும் சிறுவர்களையும் கொண்டு வந்தார். தனிமை, சலிப்பு, பிறருக்குப் பயனற்றுப் போனோம் என்னும் கையறு நிலை ஆகிய மூன்றுமே முதியோரை வாட்டும் நோய்கள் என்று அவர் கருதினார். இந்த மூன்றுக்கும் மருந்துக் கடையில் மருந்து கிடையாது.

மலேசியச் சூழலில் இதனை நடைமுறைப்படுத்துவது கடினமன்று. தீபாவளிக்கு வெளியிலிருந்து முறுக்கு வாங்கி வருவதற்குப் பதிலாக, மாவு பிசையும் பக்குவத்தைப் பாட்டிமார் சொல்லித் தர, வருகையாளர்கள் பிழியலாம். பொங்கலன்று அந்த இல்லத்திலேயே வயதில் மூத்தவரை அழைத்து அடுப்பை மூட்டச் செய்யலாம். முற்றத்தில் கறிவேப்பிலையும் துளசியும் பண்டான் இலையும் வளர்க்கும் பொறுப்பை விரும்புவோரிடம் ஒப்படைக்கலாம். மாதம் ஒருமுறை குடியிருப்போர் கூட்டம் நடத்தி, உணவுப் பட்டியல், தொலைக்காட்சி நேரம், வெளியே செல்லும் இடம் ஆகியவற்றை அவர்களே முடிவு செய்ய விடலாம். பிறந்தநாள் தெரிந்தோரின் பிறந்தநாளைக் கொண்டாடலாம். தெரியாதோர் தமக்குப் பிடித்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இல்லத்தில் வாழ்வோரைப் பற்றிப் பேசும்போது, அங்குப் பணிபுரிவோரை மறந்துவிடக் கூடாது. படுக்கையில் இருப்போரைக் குறித்த நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், அரைக்கச்சு மாற்றுதல், இரவில் விழித்திருத்தல், மறதி நோயால் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பவருக்குப் பத்து முறையும் பொறுமையாகப் பதில் சொல்லுதல் என அவர்களின் பணி நீளும். பல ஆண்டுகள் பேணிய ஒருவர் இறந்துபோனால், அழுவதற்குக்கூட நேரமின்றி அடுத்த கட்டிலுக்குச் செல்ல வேண்டிய நிலையும் அவர்களுக்கு உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, குடும்பத்தார் இல்லங்களுக்குச் செல்ல இயலவில்லை. முதியோரின் கையைப் பிடித்து ஆறுதல் கூற அந்த நாள்களில் இருந்தவர்கள் இந்தப் பணியாளர்களே.

மே 12ஆம் நாள் அனைத்துலகத் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், முதியோர் இல்லங்களில் உழைக்கும் பராமரிப்பாளர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர் ஆகியோர் தாதியர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அக்டோபர் 1ஆம் நாள் அனைத்துலக முதியோர் தினம். ஐக்கிய நாட்டுச் சபை 1990ஆம் ஆண்டில் அறிவித்த அந்நாள் முதியோருக்கு உரியது. ஒவ்வோர் இல்லமும் அதே நாளில் தன் பணியாளர்களையும் சிறப்பித்தால் அது பொருத்தமாக அமையும். மாலையும் சான்றிதழும் மட்டும் போதா. நியாயமான சம்பளம், முறையான ஓய்வு நாள், முதியோரைத் தூக்கும்போது இடுப்பு நோகாமல் இருக்கக் கற்றுத் தரும் பயிற்சி, மரணத்திற்குப் பின் துயரைப் பகிர்ந்துகொள்ள ஓர் அமைதியான நேரம் ஆகியவையே உண்மையான பாராட்டு. குடும்பத்தார் வரும்போது, பராமரிப்பாளரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவதற்குக் காசு செலவில்லை. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த சமுதாயத்தில் அந்த ஒரு சொல்லுக்குப் பஞ்சம் ஏற்படக் கூடாது.

முதியோரின் நலனும் பணியாளரின் நலனும் ஒன்றோடொன்று பிணைந்தவை. களைத்துப் போன கை அவசரப்படும். அவசரப்படும் கை நோகச் செய்யும். அடிக்கடி பணியாளர் மாறும் இல்லத்தில், தம்மை யார் குளிப்பாட்டுகிறார் என்பதே தெரியாமல் முதியோர் அச்சமுறுவர். மாறாக, மதிக்கப்படும் பணியாளர் நீண்ட காலம் தங்குவார். எந்தத் தாத்தாவுக்குக் காப்பியில் சீனி கூடாது, எந்தப் பாட்டிக்கு விளக்கை அணைத்தால் பயம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதே தமிழர் பண்பாட்டுக்கு இழுக்கு. அப்படியிருக்க அங்கே கொண்டாட்டம் எதற்கு என்று கேட்போர் உளர். பெற்றோரைக் கைவிடுவது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால், எல்லாரும் கைவிடப்பட்டு அங்கு வந்தவரல்லர். திருமணம் ஆகாதவர், பிள்ளையில்லாதவர், வீட்டில் கொடுக்க இயலாத மருத்துவப் பராமரிப்பு தேவைப்படுவோர் எனக் காரணங்கள் பல. அவமானம் என்று ஒதுக்குவதால், வந்து பார்க்க வேண்டிய உறவினரும் கூச்சப்பட்டு வராமல் போகின்றனர். அதன் துன்பம் முதியோருக்கே. மேலும், குடும்பத்திற்கு வெளியே பராமரிப்பு என்பது மலேசியத் தமிழருக்குப் புதியதன்று. பெற்றோர் பால்வெட்டுக்குச் சென்றபோது தோட்டத்துக் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில்தான் வளர்த்தார்கள். அந்த ஆயாவை இன்றும் பலர் அன்போடு நினைவுகூர்கின்றனர். தொட்டிலருகே இருந்த கைகளுக்கு அளித்த மதிப்பை, முதுமையில் கட்டிலருகே இருக்கும் கைகளுக்கும் அளிக்கலாம் அல்லவா?

பணமும் ஆளும் பற்றாத நிலையில் இவை எல்லாம் ஆடம்பரம் என்று வேறு சிலர் கூறலாம். ஆனால், மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது நேரமே. அதனைத் தரக்கூடியவர்கள் இளையோர். நெதர்லாந்தின் டெவெண்டர் நகரிலுள்ள ஹுமானிட்டாஸ் இல்லம் 2012ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக மாணவர்களை வாடகையின்றித் தங்க வைக்கிறது. அதற்கு ஈடாக, அவர்கள் மாதம் 30 மணி நேரம் முதியோருக்கு நல்ல அண்டைவீட்டாராக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் ஜூரோங்கிலுள்ள செயிண்ட் ஜோசப் இல்லத்தில் முதியோர் இல்லமும் குழந்தைப் பராமரிப்பு மையமும் ஒரே வளாகத்தில் உள்ளன. இவை கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் நல்ல முன்மாதிரிகள்.

இங்குள்ள இடைநிலைப்பள்ளிகளும் தமிழ்மொழிக் கழகங்களும் ஆண்டுக்கு ஒரு பெரிய வருகைக்குப் பதிலாக, ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்து மாதந்தோறும் சென்று வரலாம். தோட்டப்புற வாழ்வையும் பழைய பிரிக்பீல்ட்ஸையும் பற்றி முதியோர் கூறுவதை அவர்களின் இசைவோடு ஒலிப்பதிவு செய்யலாம். தமிழ் மட்டுமே அறிந்த முதியோரைத் தமிழ் அறியாத பராமரிப்பாளர் பேணும் இடங்களில், 'வலிக்கிறதா', 'தண்ணீர் வேண்டுமா', 'குளிர்கிறதா' போன்ற சொற்களை ரூமி எழுத்தில் எழுதி, மலாய்ப் பொருளுடன் அட்டையாகச் செய்து கொடுக்கலாம். ஒரு மாணவர் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடக்கூடிய அந்த அட்டை, வலியைச் சொல்லத் தெரியாமல் தவிக்கும் ஒருவருக்குப் பேருதவியாகும்.

சுருங்கக் கூறின், முதியோர் இல்லம் காத்திருக்கும் கூடமாக இருக்கக் கூடாது. பிறந்தநாளும் பண்டிகையும் துக்கமும் சிரிப்பும் நிகழும் வீடாக அது இருக்க வேண்டும். அரசாங்கம் தரத்தைக் கண்காணிக்கட்டும்; நடத்துநர்கள் பணியாளரை மதிக்கட்டும்; குடும்பத்தார் அடிக்கடி வரட்டும்; இளையோர் செவி கொடுக்கட்டும். இன்றைய மாணவர்களும் ஒரு நாள் முதியோர் ஆவர். இன்று அவர்கள் கட்டியெழுப்பும் வீட்டில்தான் நாளை அவர்களே குடியிருக்க நேரலாம்.