மீன்தொட்டிக்கு எந்த ஃபில்டர்?



"சார், பிள்ளைக்கு மீன்தொட்டி வாங்கியிருக்கேன், எந்த ஃபில்டர் போடலாம்?" என்று பலர் கேட்கிறீர்கள். என் கருத்து: இரண்டடித் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை குடியிருக்க இடம் தருவதே ஃபில்டரின் முதல் வேலை. அழுக்கைப் பிடிப்பது இரண்டாவதுதான். ஸ்பாஞ்ச் இதை மலிவாகச் செய்யும், கப்பிக் குஞ்சுகளையும் இழுக்காது. விளிம்பில் தொங்கவிடும் ஃபில்டர் தண்ணீரை இன்னும் தெளிவாக வைக்கும். ஆனால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். கேனிஸ்டர் பெரிய தொட்டிக்குச் சரி. ஆனால் நெய்வேலியை விட்டு வெளியூர் போன உங்களுக்குக் கரண்ட் கட் தெரியும். பல மணி நேரம் நின்றால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்துவிடும்.

எதை வாங்கினாலும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவாதீர்கள். நான் அப்படிச் செய்தேன். குளோரின் தண்ணீரில் பாக்டீரியா போயிற்று, நாலே நாளில் பேத்தியின் கப்பிகளும் போயின. "நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே தாத்தா?" என்றாள். பதில் இல்லை.

தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். புதுத் தொட்டியில் முதலில் இரண்டு மூன்று மீன் போதும். 4 முதல் 6 வாரம் கழித்து மற்றவற்றை விடுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள்.